மீதி இருபது மணி நேரம்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடையில் என்னைத் தேடி இரண்டு கல்லூரிகளிலிருந்து ஆள் வந்தார்கள். தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு அதற்கு முன்னால் கல்லூரியிலிருந்து யாரும் வந்ததில்லை. வந்தவர்கள் எல்லாம் எஸ்டேட்டில் பேர் பதிகிற ரைட்டர், சென்சஸ் எடுப்பவர்கள், தேர்தலுக்கு ஓட்டுக் கேட்பவர்கள், அவ்வளவுதான்.

நான் ஓடுகிறவள். மூவாயிரம் மீட்டர். எங்கள் பள்ளி மைதானம் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். அதில் சுற்றி ஓடினால் பாதிச் சுற்று ஏற்றம், பாதிச் சுற்று இறக்கம். அது போதாமல் கரடியூர் ரோட்டில் காலையில் ஓடுவேன். காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் ஒதுங்கி வழிவிட்டு, "மெதுவா போ சாமி" என்பார்கள். அவர்களில் ஒருத்தி என் அம்மா. மாநில அளவிலான பள்ளிப் போட்டியில் எனக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. அதன் பிறகுதான் இந்த வருகைகள்.

முதலில் வந்தவர் ஒரு பெரிய கல்லூரியின் கோச். காரில் வந்தார். கார் எஸ்டேட் கேட்டோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் சேறு. பளபளவென்று ஒரு புத்தகம் கொடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் படம்: செங்கல் நிறத்தில் சிந்தடிக் டிராக், கண்ணாடிச் சுவர் வைத்த ஜிம், ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்து சிரிக்கிற பெண்கள். கூடவே ஒரு டிராக் சூட்டும் கொடுத்தார். "ஃபீஸ் இல்லை, ஹாஸ்டல் இல்லை, சாப்பாடு இல்லை" என்றார். எதற்கும் காசு கட்ட வேண்டாம் என்று சொல்ல வந்தார். அம்மா முகம் மாறியதைப் பார்த்து நான்தான் விளக்கினேன்.

அடுத்த வாரம் இன்னொருவர் வந்தார். ஒரு பெண்கள் கல்லூரியின் பிசிக்கல் டைரக்டர் மேடம். சேர்வராயன் கோயில் திருவிழா சமயம். பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் மலைப்பாதையின் இருபது வளைவும் நின்றுகொண்டே வந்திருந்தார். சேலைக்கு அடியில் ஓட்டக்காரர்களின் ஷூ. புத்தகம் எதுவும் கொண்டுவரவில்லை. அம்மா கொடுத்த கடுங்காப்பியைக் குடித்துவிட்டு, நான் காலை எப்படி ஊன்றுகிறேன் என்று பார்க்க வேண்டும், கொஞ்சம் ஓடிக் காட்டு என்றார். லைன் வீடுகளுக்கு முன்னால் இருந்த காப்பி காயப்போடும் களத்தில் நான் ஓட, எங்கள் சனம் மொத்தமும் வேடிக்கை பார்த்தது.

"சிந்தடிக் டிராக் இருக்குங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"இல்ல கண்ணு. மண் டிராக்குதான்."

என் மனம் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டது. அப்பாவுக்கும் முதல் கல்லூரிதான் பிடித்திருந்தது. அவர் எஸ்டேட் டிராக்டர் ஓட்டுகிறவர். கார் அனுப்புகிற கல்லூரி பெரிய கல்லூரியாகத்தான் இருக்கும் என்றார். பள்ளியின் பி.டி. சார் சொன்னதும் அதேதான். அம்மா மட்டும், "ரெண்டையும் போயி ஒருக்காப் பாக்கோணும்" என்றாள்.

"புத்தகத்துலதான் எல்லாம் இருக்கே" என்றேன்.

"பொண்ணக் கட்டிக் குடுக்கோணும்னா போயி ஊடு பாக்கறமா இல்லையா? மூணு வருசம் இருக்கப் போற எடம். பாக்க வேண்டாமா?"

ரைட்டரிடம் லீவு கேட்டு, ஒரு டப்பா நிறையப் பலாச்சுளை எடுத்துக்கொண்டு அம்மா என்னோடு கிளம்பினாள். கோச்சுக்குக் கொடுக்கத்தான் அந்தச் சுளை.

முதல் கல்லூரியில் எங்களை நேராக டிராக்குக்குக் கூட்டிப்போனார்கள். இன்றைக்கும் அந்த நிமிடம் எனக்கு மறக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நின்றேன். தரை என்னைத் திருப்பித் தள்ளுகிற மாதிரி இருந்தது. யாரோ ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ கொடுத்தார்கள். இரண்டு சுற்று ஓடினேன். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, கல்லும் இல்லை. இவ்வளவு நாள் நான் ஓடியதெல்லாம் ஓட்டமே இல்லை என்று தோன்றியது. ஓடி முடித்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அம்மா வேலியோரம் நின்று முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஜிம், பிசியோ அறை, கோப்பைகள் அடுக்கிய அலமாரி. கடைசியாக ஹாஸ்டல். விளையாட்டுப் பெண்களுக்குத் தனிக் கட்டடம். கீழ்த்தளத்தில் ஒரு அறையைத் திறந்து காட்டினார்கள். இரண்டு கட்டில், இரண்டு மேசை, ஜன்னலுக்குத் திரை. அம்மா மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது.

"இதுல யாருங்க படுக்கறாங்க?"

"புதுசா வர்ற பிள்ளைங்களுக்கும்மா" என்றார் கோச்.

"ஏற்கெனவே இருக்கற புள்ளைங்க எங்கீங்க படுக்கறாங்க?"

"மேல. ஆனா இப்ப எல்லாரும் பிராக்டிஸ்ல இருப்பாங்க."

"பாத்ரூம் போகோணுமுங்க" என்றாள் அம்மா. கீழே இருக்கிறது என்று அவர் கைகாட்டுவதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு படியேறிவிட்டாள். பெண்கள் தளம் என்பதால் அவரால் பின்னால் வர முடியவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

மேலே ஓர் அறைக்கு எட்டுப் பேர். கட்டில் கிடையாது, தரையில் பாய். கொடி கட்ட இடமில்லாமல் ஜன்னல் கம்பிகளில் ஈரத்துணி. தளம் முழுவதற்கும் இரண்டே பாத்ரூம். ஒன்றின் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஷூ லேஸால் ஆணியில் கட்டி வைத்திருந்தார்கள். கடைசி அறையில் ஒரு பெண் முட்டியில் பட்டை போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாதி நிரம்பிய பை.

"ஊருக்குப் போறயா சாமி?" என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவள் நீளம் தாண்டுகிறவள். கடலோரத்து ஊர். ஒரு போட்டியில் முட்டி திரும்பிவிட்டது. பரீட்சை முடிந்ததும் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இடம் விளையாடுகிறவர்களுக்குத்தானாம்.

"அப்ப படிப்பு?"

"வெளிய ரூம் எடுத்துப் படிக்கணும்மா. அதுக்கு எங்க வீட்ல முடியாது." இதை அவள் அழாமல் சொன்னாள். அழுது முடித்துப் பல நாள் ஆகியிருக்க வேண்டும்.

அம்மா அவளுடைய மீதித் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். பலாச்சுளை டப்பாவை அப்படியே அவள் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். கீழே கோச் நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, எம்புள்ளைக்குக் கால் ஒடைஞ்சுபோச்சுன்னா எங்கீங்க படுப்பா?"

அவர் சிரித்தார். "அப்படியெல்லாம் ஆகாதும்மா. பிசியோ இருக்காரு, டாக்டர் இருக்காரு."

"ஆகாட்டி நொம்ப நல்லதுங்க. ஆச்சுன்னா?"

"அது மேனேஜ்மென்ட் எடுக்கற முடிவும்மா."

அம்மா கும்பிட்டுவிட்டு நடந்தாள்.

சேலம் வரும்வரை நான் அவளை விட்டுத் தனியாக உட்கார்ந்து வந்தேன். மலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் வெடித்துவிட்டேன். "டிராக்கப் பத்தி உனக்கு என்ன தெரியும்? அந்த மாதிரி டிராக்குல ஓடினா நான் எங்கியோ போயிருவேன்."

"டிராக்கப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது கண்ணு" என்றாள் அம்மா. "நீ அதுல ஓடறதப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் ஓடுவ?"

"காலைல ரெண்டு, சாயந்திரம் ரெண்டு."

"மீதி இருவது மணி நேரம்?"

அப்போதுதான், வளைவுகளில் பஸ் சாய்ந்து சாய்ந்து ஏறிக்கொண்டிருக்கும்போது, அம்மா தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அதுவரை அவர் விழுந்து செத்தார் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். உண்மையில் அவர் விழுந்து பல வருடம் உயிரோடு இருந்திருக்கிறார். வேறொரு எஸ்டேட்டில் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணி வைத்து ஏறி மிளகு பறித்துக்கொண்டிருந்தவர், ஏணி வழுக்கி விழுந்தார். இடுப்பு போய்விட்டது. வேலை செய்ய முடியாதவனுக்கு லைன் வீடு கிடையாது. பதினைந்து நாளில் காலி செய்யச் சொன்னார்கள். அம்மாவுக்கு அப்போது பத்து வயது. ஒரு மலைக்கார விவசாயி இரக்கப்பட்டு மாட்டுக் கொட்டகையில் பாதியை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். அந்த மழைக்காலம் முழுவதும் அங்கேதான்.

"ஒடம்பு நல்லா இருக்கற வரைக்கும்தான் ஊடுன்னு சொல்றவங்க ஊட்டுல நான் பொறந்ததுல இருந்து இருக்கறேன்" என்றாள். "உன்னயும் அப்படி ஒரு எடத்துல கொண்டுபோயி உடமாட்டேன்."

நான் சமாதானம் ஆகிவிடவில்லை. பதினேழு வயதில் அந்தக் கதை எனக்குப் பாவமாக இருந்தது, ஆனால் என் டிராக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பெண்கள் கல்லூரிக்குப் போனோம். மண் டிராக்கில் சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருந்தது. தூரத்து வளைவில் இரண்டு ஆடுகள் நின்றிருந்தன. ஜிம் என்று காட்டிய அறையில் மணல் மூட்டைகளும் ஒரு இரும்புத் தண்டும். ஹாஸ்டல் பழைய கட்டடம். ஆனால் மேடம் எந்தக் கதவையும் சாத்தி வைக்கவில்லை. "எல்லா ரூமும் பாருங்கம்மா" என்று விட்டுவிட்டு ஓரமாக நின்றார். அம்மா எல்லா அறையையும் பார்த்தாள். அறைக்கு நான்கு பேர், நான்கு கட்டில். ஓடுகிற பெண்ணும் கணக்குப் படிக்கிற பெண்ணும் ஒரே அறையில். அம்மா ஒவ்வொரு பாத்ரூமிலும் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். சமையலறைக்குள் போய், காலையில் ஓடுவதற்கு முன் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பீர்கள் என்று சமையல்காரம்மாவிடம் கேட்டாள். ராகிக் கஞ்சி, வந்த பிறகு ரெண்டு முட்டை என்றார் அவர்.

பிறகு, கால் ஒடைஞ்சா எங்கே படுப்பாள் என்ற அதே கேள்வியை மேடத்திடம் கேட்டாள். மேடம் சிரிக்கவில்லை.

"படுத்த கட்டில்லயே படுப்பாங்கம்மா. சீட்டு குடுக்கறது மூணு வருசத்துக்கு. காலுக்கு இல்ல, புள்ளைக்கு."

"நீங்க சொல்றீங்க. நாளைக்கு நீங்க வேற பக்கம் மாறிப் போயிட்டீங்கன்னா?"

"நியாயமான கேள்விதானுங்க" என்று சொல்லி மேடம் எங்களைப் பிரின்சிபால் அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு கடிதம் டைப் அடிக்கச் சொன்னார்கள். இங்கிலீஷில் வந்தது. அம்மா அதைக் கையில் வாங்கவில்லை. "எனக்குப் புரியற பாசைல வேணுமுங்க" என்றாள். மறுபடி தமிழில் அடித்து வந்ததும், "படி சாமி" என்று என்னிடம் கொடுத்தாள். பிரின்சிபாலுக்கு முன்னால் நான் அதைச் சத்தமாகப் படிக்க வேண்டியிருந்தது. காயத்தினாலோ நோயினாலோ விளையாட முடியாமல் போனாலும், மூன்று ஆண்டுகளுக்கும் படிப்பும் விடுதி இடமும் உணவும் தொடரும். வெட்கத்தில் என் குரல் உள்ளே போய்விட்டது. அம்மா, "கொஞ்சம் சத்தமா" என்றாள். லைன் வீட்டில் வளர்ந்து, கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வந்த ஒரு பெண், ஒரு கல்லூரி முதல்வரை உட்கார வைத்துத் தன் நிபந்தனையை மகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அன்றைக்கு எனக்கு அதன் பெருமை தெரியவில்லை. இன்று அந்த அறையை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

முதல் வருடம் அம்மாவை நான் மன்னிக்கவில்லை. மழை பெய்தால் டிராக்கின் ஒரு வளைவு குளமாகும். அன்று கல்லூரிக்குப் பின்னால் வாய்க்கால் கரையில்தான் ஓட்டம். போட்டிகளில் அந்தப் பெரிய கல்லூரிப் பெண்கள் ஒரே நிற உடையில் வந்து இறங்கும்போது எனக்கு வயிறு எரியும். அவர்கள் நன்றாகவும் ஓடினார்கள். அந்த டிராக் நல்ல டிராக். அதில் எந்தப் பொய்யும் இல்லை.

இரண்டாம் வருடம் முழங்காலுக்குக் கீழே வலி வந்தது. யாரிடமும் சொல்லாமல் ஓடினேன். ஒரு காலை ஓட்டத்தில் கால் ஊன்ற முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். எலும்பில் விரிசல் என்றார் டாக்டர். இத்தனை நாள் வலியோடு ஓடியதால் பெரிதாகியிருக்கிறது, எட்டு மாதம் ஓடக் கூடாது என்றார். மாவுக்கட்டோடு ஹாஸ்டலுக்கு வந்து படுத்தேன். கடிதம் இருக்கிறது என்று தெரியும். ஆனாலும் அந்தக் கடலோரத்துப் பெண் மடித்துக்கொண்டிருந்த துணிகள்தான் கண்ணுக்குள் நின்றன.

மூன்றாம் நாள் மத்தியானம் வார்டன் வந்து வாசலில் நின்றார். நான் எழுந்து உட்கார்ந்தேன். காலி செய்யச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"சாமானெல்லாம் எடுத்து வை. ரூம் மாத்தறோம்" என்றார்.

என் முகத்தைப் பார்த்து அவர் பதறிவிட்டார். "அய்யோ, கீழ் ரூமுக்குப் புள்ள! படி ஏற முடியாதில்ல. அங்க பாத்ரூம்ல உக்கார்றதுக்கு நாற்காலி போட்டிருக்கு."

நான் அழுததைப் பார்த்து என் அறைத் தோழிகள் மூவரும், வலிக்கிறது என்று நினைத்து, ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு இறக்கினார்கள். அவர்களில் கணக்குப் படிக்கிற பெண் எனக்கான நோட்ஸ் எல்லாம் எழுதினாள். அந்த எட்டு மாதமும் காலை ராகிக் கஞ்சியும் இரண்டு முட்டையும் ஒரு நாளும் நிற்கவில்லை. "ஓடாதவளுக்கு எதுக்கு முட்டை" என்று ஒருவரும் கேட்கவில்லை.

செய்தி தெரிந்ததும் அம்மா மலையிலிருந்து இறங்கி வந்தாள். வார்டனிடம் பேசினாள், சமையலறையைப் பார்த்தாள், என் கீழ் அறையைப் பார்த்தாள். போகும்போது பையில் எதையோ தடவிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். கடிதம். பிளாஸ்டிக் கவருக்குள் நான்காக மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"வெளிய எடுக்கவே வேலையில்லாமப் போச்சு" என்றாள். கொஞ்சம் ஏமாற்றம் மாதிரிகூட இருந்தது. சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள் போல.

கால் சேர்ந்த பிறகு மேடம் என்னை வேகத்துக்கு விடவில்லை. மெதுவாக, நீளமாக ஓடச் சொன்னார். மண் தரை காலுக்கு இதமாக இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மூன்றாம் வருடம் பல்கலைக்கழகப் போட்டியில் பத்தாயிரம் மீட்டரில் ஓடினேன். இருபத்தைந்து சுற்று. அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். அம்மா சில சுற்றுகளிலேயே கணக்கை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், "இன்னும் எத்தனைங்க? இன்னும் எத்தனைங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். கடைசி மூன்று சுற்றில் என்னோடு ஒருத்திதான் இருந்தாள். கடைசிச் சுற்றுக்கான மணி அடித்ததும் நான் அவளைப் பிரிந்து முன்னால் வந்தேன். எல்லைக் கோட்டைத் தாண்டி நான் நின்ற பிறகும் அம்மா, "இன்னும் எத்தன?" என்று கேட்டிருக்கிறாள். அப்பாதான், "முடிஞ்சுபோச்சு, உம்புள்ளதான் மொதல்ல" என்று சொன்னாராம். அந்த ஓட்டத்தால் எனக்கு ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தது. இப்போது சேலத்தில் இருக்கிறேன். அரசாங்கக் குவார்ட்டர்ஸ்.

போன வருடம் மேடம் போன் செய்தார். கல்லூரியில் விளையாட்டுப் பெண்களுக்குப் புது ஹாஸ்டல் கட்டுகிறார்கள். "பூச்சு வேலை முடியறதுக்கு முன்னாடி அம்மாவ ஒருக்காக் கூட்டிட்டு வா" என்றார்.

"அம்மாவையா மேடம்?"

"நீயும் வா. ஆனா அம்மா வரோணும்."

அம்மா எஸ்டேட்டில் லீவு போட்டுவிட்டு வந்தாள். முன்னால் எஞ்சினியர், பக்கத்தில் பிரின்சிபால், நடுவில் அம்மா. நானும் மேடமும் பின்னால். அம்மா முதலில் பார்த்தது பாத்ரூம் தரையை. பதிப்பதற்கு வழவழப்பான டைல்ஸ் அடுக்கி வைத்திருந்தார்கள். "கக்கத்துல கட்டை ஊனி வர்ற புள்ள வழுக்கி உழுந்துருமுங்க. சொரசொரன்னு போடுங்க" என்றாள். கீழ்த்தளத்தில் ஓர் அறைக்காவது கைப்பிடி வேண்டும் என்றாள். மழைக்காலத்தில் ஷூவும் துணியும் காய எங்கே இடம் என்று கேட்டாள். எஞ்சினியர் வரைபடத்தைப் புரட்டினார். அப்படி ஒரு இடமே இல்லை. "எங்க மலைல ஆறு மாசம் ஈரமுங்க. ஈர ஷூவப் போட்டா காலு புண்ணாயிரும்" என்றாள். சமையலறைச் சுவருக்குப் பின்னால் சூடு படுகிற இடத்தில் ஒரு காயப்போடும் அறை என்று எஞ்சினியர் பேனாவால் வரைந்தார். அம்மா எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள்.

அந்தத் தமிழ்க் கடிதத்தை இப்போது விளையாட்டில் சேர்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் கொடுக்கிறார்கள் என்று அன்றுதான் மேடம் சொன்னார். டிராக் இன்னும் மண்தான். நல்ல டிராக் வேண்டும் என்று வேறு கல்லூரிக்குப் போகிறவர்கள் போகிறார்கள். அது அவர்கள் விருப்பம், நானே அதைத்தானே விரும்பினேன். ஆனால் ஹாஸ்டலைப் பார்த்துவிட்டு, கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, பிள்ளையை இங்கே விட்டுப் போகிற அம்மாக்கள் வருடா வருடம் கூடுகிறார்களாம். "நான் ஊர் ஊராப் போயிப் பேசறதவிட அந்த ஒரு தாள் நல்லாப் பேசுது" என்றார்.

திரும்பும்போது அம்மாவை மலை பஸ் ஏற்றிவிட நானும் கூடவே உள்ளே ஏறினேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி நகர்ந்து இடம் விட்டு, "எங்கீங்க போயிட்டு வர்றீங்க?" என்று கேட்டார்.

அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"காலேஜ்ல ஒரு கட்டடம் கட்டறாங்கங்க. சரியா இருக்குதான்னு பாக்கக் கூப்பிட்டிருந்தாங்க. அதான் போயிட்டு வரேன்."